விவாத இழை: ஜெரமையா டென்டன் நினைவாக ஒரு புதிர் கேச் – மோர்ஸா, தட்டுக்குறியா?

1. அலைக்கரை எழுதியது:

ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) வைத்து, ஒளித்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக வர்ஜீனியா பீச்சில் நான் அடுத்து ஒளிக்கவிருக்கும் பெட்டியை, அமெரிக்கக் கடற்படை விமானி ஜெரமையா டென்டனின் நினைவாக ஒரு புதிர் கேச்சாக, அதாவது புதிரை அவிழ்த்தால்தான் இடம் தெரியும் பெட்டியாக, அமைக்க எண்ணியிருக்கிறேன். அவர் பிறந்தது அலபாமா மாநிலத்தின் மோபில் நகரம் என்றாலும், அவர் சிறைப்பட்டிருந்த காலத்தில் மனைவியும் ஏழு பிள்ளைகளும் காத்திருந்தது இந்த ஊரில்தான். 2014 மார்ச் 28 அன்று அவர் இறந்ததும் இங்கேதான்.

அவரைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1965 ஜூலை 18 அன்று, இன்டிபென்டென்ஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்ட அவருடைய ஏ-6 இன்ட்ரூடர் விமானம் வடவியட்நாமின் தான் ஹோவா பகுதியில் வீழ்ந்தது. அவரும் உடன்சென்ற அதிகாரியும் பாராசூட்டில் குதித்துப் பிடிபட்டார்கள். 1973 பிப்ரவரி 12 அன்று விடுதலையாகும் வரை ஏழரை ஆண்டுக்கு மேல் சிறை; அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. 1966 மே மாதம் அவரைத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றுக்காகக் கேமராவின் முன் உட்காரவைத்தபோது, விளக்கொளி கண்ணைக் கூசுவதுபோலக் காட்டிக்கொண்டு, இமைகளை மூடித் திறந்து, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் குறியில் 'டார்ச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பினார். அமெரிக்கக் கைதிகள் சித்திரவதைக்கு உள்ளாகிறார்கள் என்பதற்கு அமெரிக்கக் கடற்படை உளவுப்பிரிவுக்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அதுதான்.

இனி என் சிக்கலுக்கு வருகிறேன். நினைவு கேச்களில் பெரும்பாலானவை எப்படி அமைகின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம் ஏ, கைதான மாதம் பி, விடுதலையான நாள் சி. கூட்டிக் கழித்து ஆயத்தொலைவில் செருகினால் வேலை முடிந்தது. விக்கிப்பீடியாவை ஒரு நிமிடம் திறந்து மூடியவருக்குப் பெட்டி கிடைத்துவிடும், அந்த மனிதரைப் பற்றி எதுவும் மனத்தில் நிற்காது. இதில் எனக்கு விருப்பமில்லை. கைதி செய்த காரியத்தை, எவ்வளவு சிறிய அளவிலாயினும், தேடி வருபவரும் செய்ய வேண்டும். அதற்குக் கைவசம் இரண்டு குறிமுறைகள் இருக்கின்றன: அவர் கண்ணால் அனுப்பிய மோர்ஸ், கைதிகள் சுவரில் தட்டிப் பேசிக்கொண்ட தட்டுக்குறி. எதை எடுப்பது? உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

2. புதிர்க்கோட்டை எழுதியது:

நல்ல முயற்சி. கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் முதலில் ஒரு தடையைச் சொல்லிவிடுகிறேன்.

தட்டுக்குறி என்பது ஐந்து வரிசை, ஐந்து நிரல் கொண்ட கட்டம். ஆங்கில எழுத்துகள் இருபத்தாறில் கே-யை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகச் சி-யையே பயன்படுத்துவார்கள். முதலில் வரிசையின் எண்ணிக்கைக்குத் தட்டி, சிறிது நிறுத்தி, பிறகு நிரலின் எண்ணிக்கைக்குத் தட்ட வேண்டும். ஆகவே அது எழுத்துகளுக்கான குறி; அதில் இலக்கங்கள் இல்லை. நமக்கு வேண்டியதோ சுழியம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்கள்.

வரிசை எண்ணையும் நிரல் எண்ணையும் கூட்டி இலக்கமாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கூட்டுத்தொகை 2 முதல் 10 வரைதான் வரும். கடைசி இலக்கத்தை எடுத்தால் ஒன்று என்பது வரவே வராது. ஒன்றைக் கழித்தால் சுழியம் வராது. இரண்டைக் கழித்தால் ஒன்பது வராது. எப்படித் திருப்பினாலும் ஓர் இலக்கம் வெளியே நிற்கும், ஏனென்றால் வெவ்வேறான கூட்டுத்தொகைகள் ஒன்பதுதான்.

நேர்மையான வழி, இலக்கங்களை ஆங்கிலச் சொற்களாகவே தட்டுவது. சிக்ஸ் என்றால் எஸ், ஐ, எக்ஸ்: நான்கு-மூன்று, இரண்டு-நான்கு, ஐந்து-மூன்று. சுழியம் முதல் ஒன்பது வரை எந்தச் சொல்லிலும் கே என்ற எழுத்து இல்லை என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஆனால் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். மிகக் குறைவானது ஒன் என்ற சொல், 19 தட்டு. மிக அதிகமானவை த்ரீ, செவன் ஆகிய இரண்டும், ஒவ்வொன்றும் 31 தட்டு. ஆயத்தொலைவின் தசம இலக்கங்கள் ஆறையும் இப்படி அனுப்பினால் 114 தட்டுக்குக் குறையாது. ஒலிக்கோப்பாகக் கேட்டு எழுதுபவர் பாதியில் எழுந்து போய்விடுவார்.

மோர்ஸில் இந்தத் தொல்லை இல்லை. இலக்கங்களுக்கென்றே குறிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து உறுப்புகள். ஆறு இலக்கத்துக்கு முப்பது. எனவே என் வாக்கு மோர்ஸுக்கு.

3. செங்கமலம் எழுதியது:

மோர்ஸ் என்று முடிவானால், அந்தப் பேட்டிப் படத்தையே கேச்சின் இணையப் பக்கத்தில் ஒட்டி, "கண்டுபிடியுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பசியிலும் அடியிலும் வாடிய ஒருவர், கேட்ட கேள்விகளுக்கு வாயால் ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டே கண்ணால் வேறொரு பதிலைச் சொல்லும் காட்சி அது. தன் அரசின் நிலைப்பாடு எதுவாக இருந்தாலும் அதை ஆதரிப்பேன் என்று அந்தப் பேட்டியிலேயே அவர் சொன்னார், அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே சொன்னார். அந்த முகத்தை ஒரு விளையாட்டுப் பொருளாக்க எனக்கு மனம் வரவில்லை. இமை மூடித் திறக்கும் கேலிச்சித்திரம் வரைவது அதைவிட மோசம். விட்டுவிட்டு மின்னும் படங்கள் வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிர் என்ற அளவிலும் அந்தப் படத்தில் ஒரு குறை இருக்கிறது. செய்தி என்ன என்பது உலகறிந்த விஷயம். ஏழு எழுத்து, பதினைந்து உறுப்பு, அதில் ஏழு புள்ளி, எட்டுக் கோடு. டி-க்கு ஒரு கோடு, ஓ-வுக்கு மூன்று கோடு, ஆர்-க்குப் புள்ளி-கோடு-புள்ளி, மீண்டும் டி, யு-வுக்குப் புள்ளி-புள்ளி-கோடு, மீண்டும் ஆர், கடைசியாக இ-க்கு ஒற்றைப் புள்ளி. படத்தைப் பார்க்காமலேயே இதை எழுதிவிடலாம். பார்த்தாலும், விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு அவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போலத்தான் தோன்றுவார். அதனால்தான் சிறைக் காவலர்களும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

4. அலைக்கரை எழுதியது:

முகத்தைப் பயன்படுத்தப் போவதில்லை. இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

"விஷயம் தெரியாதவர் கண்ணுக்கு" என்று நீங்கள் எழுதியது எனக்கு ஒரு வழியைக் காட்டியது. மனிதன் இயல்பாக இமைக்கும்போது கண் மூடியிருக்கும் நேரம் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை. இதற்கு நடுவே ஒருவர் வேண்டுமென்றே சற்று நீளமாகவும், மிக நீளமாகவும் மூடினால், இயல்பான இமைப்பு இரைச்சல், நடுத்தரம் புள்ளி, நெடியது கோடு. பக்கத்தில் படமே வேண்டாம். நொடியின் பத்திலொரு பங்குக் கணக்கில் ஓர் எண்பட்டியலை மட்டும் கொடுத்துவிடலாம்: 2, 7, 1, 7, 16, 3, 17 என்று நீளமாகப் போகும். இவை என்ன எண்கள் என்று பக்கம் சொல்லாது, டென்டனின் கதையை மட்டும் சொல்லும். சிறிய எண்களைக் குப்பை என்று ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவருக்கு மற்றது தானாக அவிழும். வெறும் எழுத்தாக இருப்பதால் திரைவாசிப்பான் பயன்படுத்துபவரும் தீர்க்கலாம். வெளித்தளத்தில் வைத்த கோப்பு சில ஆண்டுகளில் காணாமல் போய்விடுமே என்ற கவலையும் இல்லை.

5. மீகாமன் எழுதியது:

புதிர் நுட்பத்தில் எனக்கு அவ்வளவாகத் தேர்ச்சி இல்லை. பக்கத்தில் எழுதப்போகும் கதையைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன். சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

டென்டனும் அடைபட்டிருந்த, அமெரிக்கர்கள் 'ஹனோய் ஹில்டன்' என்று கேலியாகப் பெயரிட்ட ஹோவா லோ சிறையை வியட்நாமியர்கள் அமெரிக்க விமானிகளுக்காகக் கட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தங்களை எதிர்த்த வியட்நாமியர்களை அடைத்துவைக்கப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய சிறை அது. 1990-களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, எஞ்சிய பகுதி இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே சென்றால் கில்லட்டின் இயந்திரமும், காலில் தளையிட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் வியட்நாமியக் கைதிகளின் உருவங்களும்தான் கூடத்தை நிறைத்திருக்கும். அமெரிக்க விமானிகளுக்கு ஒதுக்கிய அறைகளில் அவர்கள் பந்து விளையாடுவதும் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதுமான படங்கள் தொங்குகின்றன; சித்திரவதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கே ஒரு பாதி மறைக்கப்படுகிறது. நம் பக்கம் மற்றப் பாதியை மறைக்க வேண்டாம். டென்டன் அன்று குண்டுவீசத்தான் பறந்தார். கீழே ஊர்கள் இருந்தன. இதை ஒரு வரியில் எழுதினால் அவருடைய மனவுறுதி எந்த வகையிலும் குறையாது.

6. புதிர்க்கோட்டை எழுதியது:

மீகாமன் ஐயா, உங்கள் கருத்தை மறுக்கவில்லை. ஆனால் கேச் பக்கத்தில் எந்தக் கொள்கைப் பரப்புரையும் கூடாது என்பது விதி. போர் சரியா தவறா என்று போனால், வெளியிடும் முன் பக்கத்தைச் சரிபார்க்கும் ரிவ்யூவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

7. அலைக்கரை எழுதியது:

நடந்ததைச் சொல்வது பரப்புரை ஆகாது. "குண்டுவீச்சுப் பணியில் இருந்தபோது வீழ்த்தப்பட்டார்" என்ற வரி பக்கத்தில் இருக்கும். "ஆதரியுங்கள்", "மறவாதீர்கள்" என்று வாசகருக்குக் கட்டளையிடும் வரி எதுவும் இருக்காது. 1981 முதல் 1987 வரை அலபாமாவின் செனட்டராக அவர் எடுத்த நிலைப்பாடுகளையும் நான் தொடப்போவதில்லை. அவற்றில் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் மதிப்பது கேமராவின் முன் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை.

8. நெய்தல்_வாசி எழுதியது:

முழு இழையையும் படித்துவிட்டேன். மோர்ஸ் வென்றுவிட்டது, தட்டுக்குறி தோற்றுவிட்டது என்று ஆகிவிட்டதே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுவரில் கைதிகள் ஏன் மோர்ஸைப் பயன்படுத்தவில்லை என்று எண்ணிப் பாருங்கள். சுவரைத் தட்டும் ஒலிக்கு நீளம் கிடையாது. டொக் என்றால் டொக். அதைப் புள்ளியாகவும் கோடாகவும் பிரிக்க வழியில்லை. ஆகவே எண்ணிக்கையை நம்பிய குறி அங்கே தேவைப்பட்டது. கண்ணிமைக்கு நீளம் உண்டு. கேமராவுக்கு அப்பால் இருப்பவர்கள் கடற்படையினர், அவர்களுக்கு மோர்ஸ் தெரியும். அதனால் வெளியுலகத்துக்கு மோர்ஸ், உள்ளே இருப்பவர்களுக்குத் தட்டுக்குறி. ஒன்றை விட்டு ஒன்றை எடுத்தால் பாதி மனிதர்தான் கிடைப்பார்.

தட்டுக்குறியை அந்தச் சிறைக்குக் கொண்டுவந்தவர் விமானப்படையைச் சேர்ந்த கார்லைல் ஹாரிஸ். 1965 ஏப்ரல் 4 அன்று பிடிபட்டவர். முன்பு உயிர்பிழைக்கும் பயிற்சியின்போது, வகுப்பு முடிந்த இடைவேளையில் பயிற்சியாளர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னதை நினைவில் வைத்திருந்து, உடனிருந்த கைதிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன்பின் யாரையும் எந்த அறைக்கு மாற்றினாலும் குறியும் கூடவே போயிற்று. டென்டன் அதை இன்னும் ஒருபடி நீட்டித்து, இருமல், தும்மல், மூக்குறிஞ்சல் ஆகியவற்றால் குரல்வழித் தட்டுக்குறி ஒன்றையும் உருவாக்கினார். நோயாளிகள் நிறைந்த சிறையில் இருமலை யார் சந்தேகிப்பார்கள்?

1967 அக்டோபரில், அடங்காதவர்கள் என்று கருதப்பட்ட பதினொருவரைப் பிரித்து, கைதிகள் 'அல்கட்ராஸ்' என்று பெயரிட்ட தனிச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். டென்டனும் ஜேம்ஸ் ஸ்டாக்டேலும் அவர்களில் இருவர். சன்னலில்லாத சிறு அறைகள், இரவில் காலில் தளை. அங்கே அவர்களைச் சேர்த்துவைத்தது தட்டுக்குறிதான். அவர்களில் ரான் ஸ்டார்ஸ் மட்டும் வீடு திரும்பவில்லை. அந்தக் குறி இல்லாத டென்டன் கேச்சை நான் முழுமை என்று சொல்லமாட்டேன்.

9. அலைக்கரை எழுதியது:

நீளம் உள்ளது, நீளம் இல்லாதது என்று நீங்கள் பிரித்துக் காட்டியபின் என் கேள்வியே மாறிவிட்டது. இரண்டும் வேண்டும், ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் வேண்டும். பக்கத்தில், அதாவது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, மோர்ஸ். காட்டுக்குள் வந்து சேர்ந்தவருக்குத் தட்டுக்குறி.

களத்தில் ஒலியாக வைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓசியானா கடற்படைத் தளத்திலிருந்து எழும் விமானங்களின் இரைச்சலில் இங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதே சில வேளைகளில் கேட்காது. பேட்டரியை நம்பிய கருவி மழைக்காலத்தைத் தாண்டாது.

10. செங்கமலம் எழுதியது:

ஒலி எதற்கு? விரலால் தொட்டு அறியும்படி செய்யுங்கள். ஒரு மரப்பலகையின் அடிப்பக்கத்தில் குமிழ்த்தலை ஆணிகளைக் கூட்டம் கூட்டமாக அறைந்து, அந்தப் பலகையை நடைபாதையோர மரம் எதிலும் ஆணியடிக்காமல், பெட்டியின் மூடியாகவே அமைத்துவிடலாம். கையை அடியில் விட்டுத் தடவினால் இரண்டு ஆணி, இடைவெளி, இரண்டு ஆணி, பெரிய இடைவெளி, ஒரு ஆணி, இடைவெளி, இரண்டு ஆணி. கண்ணால் பார்க்க முடியாதபடி, விரலால் மட்டும் எண்ணும்படி இருந்தால், சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவரின் நிலை ஓரளவு புரியும். கூட்டங்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். ஐந்து ஆணிகளை நெருக்கி அடித்தால் நான்கா ஐந்தா என்று தெரியாது.

11. புதிர்க்கோட்டை எழுதியது:

அப்படியானால் என் 114 தட்டுக் கணக்கும் தேவையற்றுப் போகிறது. ஆயத்தொலைவை மோர்ஸ் தந்துவிடும். பலகை தர வேண்டியது பெட்டியின் எழுத்துப் பூட்டுக்கான ஒரு குறுஞ்சொல் மட்டுமே. கைதிகள் இரவில் பேச்சை முடிக்கும்போது 'காட் பிளெஸ் யூ' (கடவுள் உனக்கு அருளட்டும்) என்பதை ஜி, பி, யு என்ற மூன்று எழுத்தாகச் சுருக்கித் தட்டுவார்கள்: இரண்டு-இரண்டு, ஒன்று-இரண்டு, நான்கு-ஐந்து. மொத்தம் பதினாறே ஆணி. (செங்கமலம் அவர்கள் மேலே எடுத்துக்காட்டாக எழுதியதும் ஜி, பி என்றுதான் வருகிறது, தெரிந்தே எழுதினாரா?) இங்கே வெளிப்படையாகப் பேசிவிட்டதால் இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. உண்மையான சொல் தனிமடலில் முடிவாகட்டும். கே, சி இரண்டும் இல்லாத சொல்லாகப் பாருங்கள். பூட்டின் முன் நின்று யாரும் அந்த இரண்டில் எது என்று திண்டாட வேண்டாம்.

12. மணற்குன்று எழுதியது:

இந்திய விமானிகள் யாரையும் நினைவில் கொள்ளவில்லையே? 1971 போரில் பிடிபட்ட திலீப் பருல்கர், மல்விந்தர் சிங் கிரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி மூவரும் 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைத் துளைத்துத் தப்பி, ஆப்கன் எல்லைக்குச் சில மைல் முன்னால் பிடிபட்டார்கள். பழைய வரைபடத்தைப் பார்த்து லண்டி கானா என்ற ரயில் நிலையத்துக்கு வழி கேட்டதுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. அந்த நிலையம் மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. வரைபடத்தை நம்பி நடக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது?

13. அலைக்கரை எழுதியது:

அருமையான கதை, அதற்குரிய புதிர் வேறு, அதற்குரிய இடமும் வேறு. தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன். இதில் கலந்தால் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாது.

14. நெய்தல்_வாசி எழுதியது:

இடம் பற்றி யாரும் பேசவில்லை. கடற்படைத் தளத்தின் வேலியை ஒட்டி வைக்க வேண்டாம். புதரில் குனிந்து எதையோ தேடும் ஆளைப் பார்த்தால் காவலர்கள் வேறுவிதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். டென்டன் அடக்கமாகியிருக்கும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி யாரும் கனவு காணவும் வேண்டாம். நகராட்சிப் பூங்கா ஒன்றில் எழுத்துவழி அனுமதி பெற்று வைப்பதே நல்லது. பக்கத்தில் காட்டும் புள்ளியிலிருந்து இறுதிப் பெட்டி 3.2 கிலோமீட்டருக்குள்ளும், மற்ற கேச்களின் பெட்டிகளிலிருந்து 161 மீட்டருக்கு அப்பாலும் இருக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் முன்கூட்டியே அளந்துவிடுங்கள். கடற்கரைப் பூங்காக்களில் கேச்கள் ஏற்கெனவே நெருக்கமாக இருக்கின்றன.

15. அலைக்கரை எழுதியது:

முடிவானதைத் தொகுத்து எழுதுகிறேன்.

பக்கத்தில் டென்டனின் கதை ஐந்தாறு பத்திகளில் வரும். குண்டுவீச்சுப் பணி, பேட்டி, அல்கட்ராஸ், விடுதலை ஆகியவை அதில் அடங்கும். விடுதலையான அன்று பிலிப்பைன்ஸிலிருந்த கிளார்க் விமானத் தளத்தில் முதல் விமானத்திலிருந்து இறங்கி, எல்லோர் சார்பிலும் ஒலிவாங்கியின் முன் பேசியவர் அவர்தான். கடினமான சூழலில் நாட்டுக்குப் பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்ததைப் பெருமையாகக் கருதுகிறோம் என்ற பொருளில் சில வரிகளே பேசினார். கதையை அதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதன் கீழே எண்பட்டியல்; விளக்கம் எதுவும் இல்லை. ஹின்ட் பகுதியில் "எல்லோரும் இமைக்கிறோம்" என்ற ஒரே வரி. விடையைச் சரிபார்க்கத் தளத்தின் செக்கர் இருக்கும். அதில் சரியான விடை வந்ததும் தோன்றும் செய்தியில் ஐந்துக்கு ஐந்து கட்டத்தைக் கொடுத்துவிடுவேன். கட்டத்தை யாராவது ஒருவர் சொல்லிக்கொடுத்துத்தான் கைதிகளுக்கே அது கிடைத்தது. தேடுபவர் அதை ஊகிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. கடினநிலை (புதிரின் சிரமம்) நான்கு, நிலநிலை (இடத்தை அடையும் சிரமம்) ஒன்றரை. வயதான முன்னாள் படைவீரர்கள் சிலர் வருவார்கள் என்று எதிர்பார்ப்பதால், பலகை முழங்கால் உயரத்துக்குக் கீழே போகாது.

பட்டியலை இதுவரை பார்க்காத ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். புதிர்க்கோட்டை அவர்களுக்கு வழிமுறை தெரிந்துவிட்டது. ஆகவே இந்த இழையைப் படிக்காத நண்பர் யாரையாவது அவரே பிடித்துத் தருவாராக.

16. புதிர்க்கோட்டை எழுதியது:

என் மைத்துனர் இருக்கிறார். மோர்ஸ் தெரியாது, பொறுமையும் குறைவு. அவர் தீர்த்துவிட்டால் யாரும் தீர்ப்பார்கள். எழுத்துப் பூட்டை மட்டும் பித்தளையில் வாங்குங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்புப் பூட்டு இறுகிப்போனால், ஒழுங்காகத் தடவி எண்ணியவரும் தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று திரும்பிப் போய்விடுவார்.